கப்பல் மணியைப் பட்டாசு ஆலையில் ஒலிக்கச் செய்த குல்சார் பேகம் அம்மையாருக்கு

விருதுநகர் வத்தல் வணிகர் அலி அக்பரின் அருமை மகளாய்ப் பிறந்து, விஸ்வநத்தத்துப் பக்கம் உள்ள நம் ஆலையில் எங்களுக்குத் தாயும் தமக்கையுமாய்த் திகழ்ந்து, சொல்லில் சுடரும் செயலில் செம்மையும் சிரிப்பில் சிறு குறும்பும் சேர அமைந்த தொழிலாளர் நல அலுவலரே! எங்கள் பேகம் அம்மையே! பணி நிறைவு பெற்று நீங்கள் இல்லம் ஏகும் இந்நன்னாளில், உடன் உழைத்த நாங்கள் உள்ளம் நெகிழ வாசித்தளிக்கும் மடல் இது.

பாராட்டு மடல் என்றால் முகத்தைப் பார்த்துப் படிப்பதே முறை. ஆனால் 'நீங்கள் இதைச் செய்தீர்கள்' என்று நாங்கள் ஒரு வரி படித்தால் போதும், 'அது நான் செய்யல, எல்லாரும் சேந்து செஞ்சது' என்று நீங்கள் ஒலிவாங்கியைப் பிடுங்கிவிடுவீர்கள். அது இந்தப் பந்தலுக்கே தெரியும். ஆகவே, அம்மையே, சற்று அமர்ந்திருங்கள். உங்களைப் பற்றி அவையோரிடம் சொல்லிவிட்டு உங்களிடம் திரும்பி வருகிறோம்.

அவையோரே, பேகம் அம்மா மதுரையில் ஆங்கில முதுகலை படித்தவர். ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்டது விக்டோரியா அரசி காலத்து லண்டன் நகைச்சுவை இசைநாடகம் ஒன்றை. அதன் பெயரை நாங்கள் வாசிக்கப் போவதில்லை. வாசித்தால் எங்கள் உச்சரிப்பைக் கேட்டு அவர் நெற்றியில் கைவைத்துக்கொள்வார். கதை மட்டும் இது: ஒரு போர்க்கப்பலின் அடியில் ஓட்டை. முதலில் கண்டவன் சமையற்காரன். தனக்கு அடுத்த மேலதிகாரியைத் தாண்டி எவரும் வாய் திறக்கக் கூடாது என்பது கப்பல் சட்டம். எனவே அவன் அவருக்குப் பாடுகிறான், அவர் தம் மேலவருக்குப் பாடுகிறார். பட்டம் பதவிகளைச் சொல்லி வணங்கி வணங்கிச் செய்தி மேலேறுவதற்குள் தண்ணீர் கழுத்தளவு வந்துவிடுகிறது. கடற்படைத் தலைவரோ, 'இதை எழுத்தில் கொடு' என்கிறார். நல்லவேளையாகக் கப்பல் மணல்திட்டில் தட்டி நிற்க, எல்லோரும் பிழைத்து, கதை கல்யாணத்தில் முடிகிறது.

எந்தப் பிரபுக்களை அந்த நாடகம் கேலி செய்ததோ அந்தப் பிரபுக்களே முன்வரிசையில் அமர்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார்களாம். லண்டன் தெருக்களில் குமாஸ்தாக்கள் அதன் மெட்டுகளைச் சீட்டியடித்தார்கள். அமெரிக்காவில் அனுமதி கேட்காமலே நாலைந்து குழுக்கள் மேடையேற்றின. சென்னையில் துரைமார் மன்றத்தில் துரைசானிகள் மாலுமி வேடம் கட்டினார்கள். பின்னாளில் சாக்குச் சொல்லும் அமைச்சரைப் பார்த்து 'எழுத்தில் கொடு' என்று நாடாளுமன்றத்திலேயே கத்தினார்களாம். பேகம் அம்மா இதையெல்லாம் சாப்பாட்டு வேளையில் எங்களுக்குச் சொல்வார். "சிரிக்க வச்சுக்கிட்டே சொன்னா பெரிய ஆளுகளுக்கும் கோவம் வராதுப்பா," என்பார்.

இவ்வளவு படித்தவர் நம் ஆலையில் சேர்ந்தது லேபிள் பிரிவில். அவர் வந்த ஆண்டே பூச்சட்டிப் புஸ்வாணப் பெட்டியின் மேல் தொப்பி வைத்த கப்பல் தலைவர் ஒருவர் ஏறிக்கொண்டார். பூச்சட்டிக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று அச்சகத்தில் ஒருவரும் கேட்கவில்லை. சிவகாசியில் பெட்டிப் படத்துக்கு அந்தச் சுதந்திரம் உண்டு.

நல அலுவலரான பின் அவர் மனத்தைக் குடைந்தது ஆலையின் அபாய மணி. அதை அடிக்கும் உரிமை போர்மேனுக்கு மட்டுமே இருந்தது. வெடிமருந்து அறையில் இருப்பவள் எதையாவது கண்டால் போர்மேனைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும். சூடேறிய மருந்து அதுவரை பொறுத்திருக்காது என்பது அம்மாவுக்குத் தெரியும். யார் வேண்டுமானாலும் மணியடிக்கலாம் என்று விதியை மாற்றும்படி முதலாளி மணிகண்டராஜ் அண்ணாச்சியிடம் சளைக்காமல் கேட்டுவந்தார்.

"ஆளாளுக்கு அடிச்சா கம்பெனி ஓடுமாம்மா?" என்றார் அண்ணாச்சி. "சீசன் நேரத்துல ஒருத்தி பயந்து அடிப்பா. அம்புட்டுப் பேரும் வேலையப் போட்டுட்டு வெளிய நிப்பாக."

பக்கத்தில் நின்ற போர்மேன் இசக்கிப்பாண்டி இன்னும் ஒரு படி மேலே போனார். "மருந்து ரூம் பொம்பளையாளு அடிச்சா எவன் மதிச்சு எந்திரிப்பான்?"

அதே இசக்கிப்பாண்டி இப்போது இரண்டாம் வரிசையில் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். அன்று மாலை வீட்டுக்குப் போகும் பேருந்து ஆமத்தூரைத் தாண்டும்போது அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டதாம். மருந்து அறைப் பெண்கள் ஒவ்வொருவரின் முகமும் கண்முன் வந்து நின்றிருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான் அந்தப் பழைய கப்பல் சமையற்காரன் நினைவுக்கு வந்தான்.

ஆலை ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுகிறேன் என்றார் அம்மா. முதலாளி மகிழ்ந்து அனுமதித்தார். லண்டன் பாட்டுகள் நம் பேச்சுக்கு மாறின. சமையற்காரன் சமையற்காரியானான். அந்த வேடம் மருந்து அறைப் பாண்டிமீனாவுக்குப் போயிற்று. முடிவையும் அம்மா மாற்றி எழுதினார். பொறுமையிழந்த சமையற்காரி கப்பல் மணியை அடிக்க, அதிகாரிகள் திகைத்து நிற்க, எல்லோரும் கூடிப் பாடிச் சுபம். விடுமுறை நாள்தானே என்று, ஆலையின் அபாய மணியையே கழற்றி வந்து மேடையில் கட்டச் சொன்னார். அவர் செய்த தவறு அது ஒன்றுதான்.

விழாவில் சிரிப்பு அடங்கவே இல்லை. கடற்படைத் தலைவராக வந்த கணக்கர் வெள்ளைத்துரை, 'எழுத்தில் கொடு' என்று ராகம் இழுத்தபோது முதலாளியே தொடையைத் தட்டிச் சிரித்தார். பிறகு பாண்டிமீனா மணியை அடித்தாள்.

பந்தல் முழுக்க எழுந்தது. அந்த ஓசை காதில் விழுந்தால் உடனே வெளியேறப் பயிற்சி பெற்றவர்கள் நாங்கள், எங்கள் கால்கள் கேள்வி கேட்பதில்லை. ஓடாமல், தள்ளாமல், செருப்பைத் தேடாமல், காற்று வரும் பக்கம் பார்த்து வரிசையாக வெளியேறினோம். கடற்படைத் தலைவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். மேடையில் பேகம் அம்மாவும், மணிக்கயிற்றைப் பிடித்தபடி பாண்டிமீனாவும் மிஞ்சினார்கள். முன்வரிசையில் வெளியூர் விருந்தினரோடு முதலாளி உட்கார்ந்திருந்தார். முதலாளிகளுக்கு அந்தப் பயிற்சி நடத்தும் வழக்கம் அப்போது இல்லை.

ஒத்திகை பார்த்ததெல்லாம் வீணாயிற்று, விருந்தினர் முன் அண்ணாச்சியின் மானம் போயிற்று, இனி மணியைப் பற்றிப் பேசவே வாயில்லை என்று அம்மா நினைத்துக்கொண்டார். அண்ணாச்சி எழுந்து மேடையருகே வந்தார்.

"மணிய அடிச்சது யாரு?"

"நாந்தான் மொதலாளி," என்றாள் பாண்டிமீனா.

"நீ அடிச்சதுக்கா இம்புட்டுப் பேரும் எந்திரிச்சுப் போனாக?"

அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் கண்முன் நடந்தது என்ன என்று அம்மாவுக்கே புரிந்தது. உடனே சொல்லிவிட்டார்: "ஆமா அண்ணாச்சி. யாரு அடிச்சதுன்னு ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. ஒங்க போர்மேனும் போயிட்டாக, பாருங்க."

வெளியே வெயிலில் நின்று இசக்கிப்பாண்டி ஆள் எண்ணிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் கேட்டதற்கு, "நான் எந்திரிக்கல அண்ணாச்சி, காலுதான் எந்திரிச்சிருச்சு," என்றார். அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிம்மா, ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு மணிக்கயிறு கட்டிருங்க," என்றார்.

கட்டினோம். அடுத்த புரட்டாசியில் மழை பெய்த ஒரு காலை, கலவை அறையில் ஈரம் பட்ட மருந்து தட்டிலேயே புகைவதைப் பாண்டிமீனா பார்த்தாள். போர்மேன் தொலைவில் லோடு ஏற்றும் இடத்தில் நின்றிருந்தார். அவள் யாரையும் தேடவில்லை, கயிற்றை இழுத்தாள். எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே நடந்தோம். வேப்பமரத்தடியில் போய் நின்ற பிறகு அந்த அறையும் அடுத்த அறையும் வெடித்துச் சிதறின. பேகம் அம்மா மழையில் நனைந்துகொண்டே எங்கள் ஒவ்வொருவர் கன்னத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்போது அவர் அழுததைப் போல் அதற்கு முன்பும் பின்பும் நாங்கள் பார்த்ததில்லை.

பேகம் அம்மையே, இப்போது உங்களிடமே திரும்பிவிட்டோம். உங்களைப் பிரிவது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது. அதை மறைத்துப் பேச எங்களுக்கு வரவில்லை. முழங்கால் வலியின்றி நீங்கள் நெடுநாள் நடக்க வேண்டும். தேநீரில் போடும் சர்க்கரையை எந்த மருத்துவரும் குறைக்காதிருக்க வேண்டும். லண்டனுக்குப் போய் அந்த நாடகத்தை முன்வரிசையில் அமர்ந்து பார்த்து, அங்குள்ளவர்களிடம் நம் முடிவே மேல் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். உடல் நலமும் உள்ள நிறைவும் உங்களோடு ஒட்டி உறவாடட்டும்.

மடலின் அடியில் 'பணியாளர்கள்' என்று ஒரே சொல்லில் முடிப்பது வழக்கம். அந்த மழைக் காலையில் அந்த இரு அறைகளுக்குள் இருந்தவர்கள் மட்டும் தனித்தனியே கையெழுத்திட வேண்டும் என்று விரும்பினோம்.

இங்ஙனம்,
பாண்டிமீனா
சண்முகத்தாய்
கற்பகம்
நசிமா
சோலைமலை
பாண்டிச்செல்வம்
இராமகிருஷ்ணன்

இடம் போதாததால் அவ்வறைகளில் இருந்த மற்றவர்களின் கையெழுத்து மடலின் கண்ணாடிச் சட்டத்தின் பின்புறம் உள்ளது. விடுபட்டவர் எவருமில்லை.