பட்டியலில் மூன்று பெயர்கள்

உமாதேவி மேடம், இந்த நோட்டில் கடைசி எட்டுப் பக்கங்கள் எழுதாமல் கிடந்தன. வெறும் தாளோடு நோட்டைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வகுப்பின் முதல் நாள் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகப் பிரித்துக் கோடு போடச் சொன்னீர்கள். கேட்டது என்ன, வந்த பதில் என்ன, மாற்றியது என்ன. ஒரு மாலைகூட விடாமல் எழுதியது நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். அதில் பெருமை இல்லை. சரியாகச் செய்தோமா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. குவெம்புநகரில் நான் தங்கியிருக்கும் அறையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் நான்.

பகலில் எனக்கு என்ன வேலை என்று உங்களுக்குத் தெரியும். ஹனூர் பக்கம் காட்டோர ஊர்களுக்கு யானை வருவதை முன்கூட்டிச் சொல்லும் சின்ன நிறுவனம். காட்டு விளிம்பில் கேமராக்கள் இருக்கின்றன. யானை தென்பட்டால் பக்கத்து நிலக்காரர்களின் போன் அடிக்கும். மைசூரில் இருக்கும் எங்கள் சர்வரில் இதற்கு நான்கு கன்டெய்னர்கள். நீங்கள் சொல்லிக் கொடுத்த மாதிரியே சொன்னால், நான்கு அறைகள், அறைக்கு ஒரு ஆள். ஒருவர் படத்தை வாங்குவார். ஒருவர் அது யானையா என்று பார்ப்பார். ஒருவர் யார் யாருக்குச் சொல்வது என்று எழுதி வைப்பார். நான்காவது ஆள் போன் செய்வார். நான்கு அறைக்கும் நடுவில் ஓடும் நடைதான் நெட்வொர்க். அந்த நடையில் வாசல் இல்லாத அறைக்கு எந்தச் செய்தியும் போகாது.

ராமாபுரம், கௌதள்ளிப் பக்கம் தமிழ் பேசுகிறவர்கள் அதிகம். நான் கௌதள்ளிக்காரி என்பதால் தமிழ் அழைப்புக்கு என் குரலையே பதிவு செய்தார்கள். "யானை உங்க நிலத்துக்குப் பக்கத்துல இருக்கு. வெளியே வராதீங்க." பதினோரு முறை பேசினேன். ஒன்பதாவதை வைத்துக்கொண்டோம்.

எண்களைப் பதிவு செய்ய ராமாபுரம் போனபோதுதான் சித்தையன் மாமாவைப் பார்த்தேன். உறவு இல்லை, அந்தப் பக்கத்து வழக்கப்படி மாமா. மூன்று ஏக்கர் மக்காச்சோளம். பதிவை அவர் போனில் போட்டுக் காட்டியபோது அவர் மனைவி மாதம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

"ஏங்கண்ணு, இப்படித் தாலாட்டாட்டப் பேசுனா ஆனைக்கே தூக்கம் வந்துருமே. கொஞ்சம் அதட்டிச் சொல்லப்படாதா?"

"நீ அதட்டுறது பத்தாதாக்கும்?" என்றார் மாமா. பிறகு என்னைப் பார்த்து, "ஒண்ணு மட்டும் சொல்லிப்போடு கண்ணு. நீ கூப்பிட்டா நான் வெளிய வரமாட்டேன். கூப்பிடாட்டி?"

"கூப்பிடலைன்னா யானை இல்லைன்னு அர்த்தம் மாமா," என்றேன்.

"அப்பறம் எதுக்கு நான் பரண் மேல கெடக்கோணும்?"

அடுத்த மாதம் போனபோது மரத்தில் அவர் இராக்காவல் இருக்கும் பரண் இல்லை. பிரித்து, அந்தக் கட்டைகளை வைத்து மாட்டுக்கொட்டகைக்குக் கூரை போட்டிருந்தார். என்னை மாட்டோடு நிற்கவைத்துப் படமும் எடுத்தார். தன் எண்ணை என் போனில் அவரே பதிந்து கொடுத்தார்.

இனி தேதி வாரியாக எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் தேதி, என் மேலாளர் முரளிதரன் சார் சர்வரில் இருக்கும் பழைய பெயர்களை ஒழுங்குபடுத்தச் சொன்னார். நெட்வொர்க்கைப் புதுப் பெயரில் உண்டாக்கி, கன்டெய்னர்களை அதில் இணைத்து, பழையதை நீக்கினேன். தினமும் காலையில் நெட்வொர்க்கின் விவரத்தைக் கேட்டு வாங்க, உங்கள் வகுப்பில் கற்ற தானியங்கிக் கருவியில் ஒரு கோப்பு எழுதி வைத்திருந்தேன். அதை ஓட்டினேன். பிழையில்லாமல் ஓடியதற்கு அடையாளமான பச்சை வந்தது. சாரும் பார்த்தார்.

பதினான்காம் தேதி வகுப்பில் நீங்கள் ஒன்று சொன்னீர்கள். இல்லாத நெட்வொர்க்கைப் பற்றிக் கேட்டாலும் கருவி பிழை என்று நிற்காது, அப்படி ஒன்று இல்லை என்று பதில் சொல்லும், கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதால் பச்சைதான் காட்டும் என்றீர்கள். நான் அதை அடிக்கோடிட்டிருக்கிறேன். உடனே எனக்குச் சந்தேகம் வந்தது. என் கோப்பு இன்னும் பழைய பெயரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. புதுப் பெயரைப் போட்டுக் கேட்டேன். இணைந்திருக்கும் கன்டெய்னர்களின் பட்டியல் வந்தது. மூன்று பெயர்கள் இருந்தன. போன் செய்கிற ஆளின் பெயர் இல்லை. நான்தான் விட்டிருந்தேன்.

மறுநாள் சாரின் மேசைக்குப் போனேன். இதை யாரும் மறுக்க முடியாது.

"சார், ஒரு சந்தேகம்."

"மறுபடியுமா? போன மாசம் இப்படித்தான் சந்தேகம் சந்தேகம்னு எல்லாரையும் மீட்டிங்ல உட்கார வெச்சே, கடைசில ஒண்ணுமில்லே. இன்னைக்குப் பச்சை வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு சார்."

"மத்தேனு, வேறென்ன? போய் காபி குடிம்மா. சும்னே தலையைக் கெடுத்துக்காதே."

பச்சை வந்ததா என்று கேட்டார், வந்தது என்றேன். அது உண்மை.

சரிசெய்ய அரை நிமிடம் போதும். ஆனால் மாற்றம் செய்ய சாரின் அனுமதி வேண்டும், என்ன மாற்றம், யார் செய்தது, எதற்கு என்று பதிவாகும். அதைப் படித்தால் பன்னிரண்டாம் தேதியிலிருந்து அழைப்பே வேலை செய்யவில்லை என்பது தெரிந்துவிடும். எனக்கு முன்னால் என் நாற்காலியில் இருந்த தீபக் இரண்டு மணி நேரம் ஒரு கேமராவை நிறுத்திவிட்டதற்காகவே தகுதிகாண் காலத்தில் அனுப்பப்பட்டவன். என் தகுதிகாண் காலம் முப்பதாம் தேதி முடிய இருந்தது. அதற்குப் பிறகு சரிசெய்தால் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு போய்விடும்.

நான் யோசிக்காமல் முடிவெடுக்கவில்லை. இரண்டு வருடத் தகவலை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பருவத்தில் ராமாபுரம் ஓரத்துக்குப் பதினேழு நாளுக்கு ஒரு முறைதான் யானை வருகிறது. வந்தாலும் பாதி நேரம் ஆள் இல்லாத நேரம். அங்கே பதிவு செய்தவர்கள் நாற்பத்தொரு பேர். அதில் அந்த நேரம் நிலத்தில் இருக்கக்கூடியவர் ஒருவரோ இருவரோ. எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தபோது மிகச் சிறிய எண்தான் வந்தது. அந்தக் கணக்கைப் பத்தொன்பதாம் தேதிப் பக்கத்தின் பின்புறம் பார்க்கலாம். ஒரு இடத்தில் தசமப் புள்ளி தவறு, பிறகு திருத்தியிருக்கிறேன்.

தினமும் கேட்டேன். தினமும் மூன்று பெயர்கள். யானை வரவில்லை. எனக்கு இருந்தது கேட்கும் உரிமை மட்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கேட்பதால் எதுவும் மாறுவதில்லை.

இருபத்தாறாம் தேதி மாலை நான் உங்கள் வகுப்பில், ஜன்னலோரம் இரண்டாவது வரிசையில் இருந்தேன். ஆறு நாற்பத்தொன்றுக்கு என் போனில் படம் வந்தது. புதிய படம் வந்தால் அலுவலகத்தில் எல்லோருடைய போனுக்கும் வரும். இரண்டு பெரிய யானைகள், ஒரு குட்டி, ராமாபுரம் கிழக்குக் கேமரா. முரளிதரன் சாரும் பார்த்திருப்பார். அழைப்பு போயிருக்கும் என்று நினைத்திருப்பார். அவர் அப்படி நினைத்ததில் தவறு இல்லை.

அந்த வாரம் ராமாபுரத்தில் மோட்டாருக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் மாலை ஏழு மணிக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தையன் மாமா பத்து நிமிடம் முன்னால் டார்ச் எடுத்துக்கொண்டு கிளம்புவார். போகும்முன் போனை ஒருமுறை பார்ப்பார். அதுவும் எனக்குத் தெரியும்.

நான் லேப்டாப்பில் கேட்டேன். மூன்று பெயர்கள். ஒருவேளை நான் தப்பாகப் பார்த்தேனோ என்று மறுபடி கேட்டேன். மூன்று. நீங்கள் என் பின்னால் வந்து நின்று, "என்ன மோகனப்ரியா, எத்தனை தடவை ஓட்டுவே?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்றாவது முறை கேட்டேன்.

அவர் எண் என் போனில் இருந்தது. திரையில் பெயர் வரும்வரை எடுத்தேன். பிறகு ஒன்று தோன்றியது. நான் கூப்பிட்டால், ஆறு நாற்பத்தைந்துக்குக் கூப்பிட்டேன் என்று பதிவாகும். அழைப்பு தானாகப் போகும்போது இவள் எதற்குக் கூப்பிட்டாள் என்று யாராவது கேட்பார்கள். போனைக் கவிழ்த்து வைத்தேன். உங்கள் ஆறாவது கேள்விக்கு நான்தான் பதில் சொன்னேன், நினைவிருக்கும்.

ஏழே கால் மணிக்கு மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் நடந்தது என்கிறார்கள்.

மறுநாள் சீக்கிரமே அலுவலகம் போய், "பெயர் மாற்றத்தில் ஒரு சின்ன மிச்சம்" என்று எழுதி அனுமதி கேட்டேன். சார் ராமாபுரம் கிளம்பும் அவசரத்தில் படிக்காமலே அனுமதி கொடுத்தார். எட்டு ஐம்பத்திரண்டுக்கு நான்காவது பெயர் பட்டியலில் சேர்ந்தது. நான் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். முந்தின மாலை போக வேண்டிய நாற்பத்தொரு அழைப்புகளும் அழியாமல் வரிசையில் காத்திருந்தன. வாசல் திறந்ததும் எல்லாம் ஒன்றாகப் போயின.

ஒன்பது மணிக்கு சித்தையன் மாமாவின் எண்ணிலிருந்து எனக்குப் போன் வந்தது. மாதம்மா அத்தை. பின்னால் பறைச் சத்தம்.

"கண்ணு, இப்பத்தான் மாமா போனு அடிச்சுது. எடுத்தா நீ பேசறே. வெளிய வராதீங்கங்கறே." அழுவதை நிறுத்தி மூச்சு வாங்கினார். "நேத்தே நீ கூப்பிட்டிருக்கே கண்ணு. இந்தப் பாழாப்போன டவருதான் இத்தனை நேரம் புடிச்சு வெச்சிருந்திருக்கு. உன் மேல ஒரு குத்தமும் இல்ல. நீ சாப்புட்டியா?"

"இல்லீங்க அத்தை," என்றேன். அதுவும் உண்மை.

அலுவலக விசாரணையிலும் டவர் என்றே முடிந்தது. முப்பதாம் தேதி என் வேலை உறுதியானது. தமிழ் அழைப்புக்கு வேறு குரல் வைக்கலாமா என்று பேச்சு வந்தபோது, மாதம்மா அத்தைதான் ஊர்க்காரர்களோடு சேர்ந்து என் குரலே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். இருக்கிறது.

மேடம், இருபத்தாறாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கேட்டது: இணைந்துள்ள கன்டெய்னர்கள். பதில்: மூன்று, மூன்று, மூன்று. மாற்றியது: ஒன்றுமில்லை. நான் பொய் எழுதவில்லை. நீங்கள் பக்கத்தில் சிவப்பு மையில், "அவசரப்பட்டு எதையும் தொடாமல் மூன்று முறை சரிபார்த்தது மிக நன்று" என்று எழுதி, பத்துக்குப் பத்து போட்டிருக்கிறீர்கள்.

இதையெல்லாம் படித்த பிறகும் அந்த மதிப்பெண்ணை மட்டும் குறைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.