ஒன்றாம் நம்பர் காலியாக இல்லை

மதியம் மூன்று மணி... ஆமாம், பட்டப்பகல்தான். பேய்க்கதைக்கு ஏற்ற நேரமா என்று சிரிக்காதீர்கள். ஆள் நடமாட்டமே இல்லாத வெயில் ரோட்டில் தனியாக நடந்து வந்துகொண்டிருந்தார் என் கூட்டாளியின் அக்கா வீட்டுக்காரர். எங்களுக்கெல்லாம் அவர் அத்தான்தான். பையில் புது ஹெட்செட். மகளுக்கு.

அக்கா போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. வீட்டிலிருந்தே, கம்ப்யூட்டர் வழியாகக் கூப்பிடும் ஆட்களுக்குப் பதில் சொல்லும் வேலை அவளுக்கு. ஹெட்செட் தலையில் இருக்க, பேச்சின் நடுவே, அப்படியே மேசையில் சாய்ந்துவிட்டாள். கழற்றியது அத்தான்தான். யாரோ "ஹலோ... ஹலோ..." என்றுகொண்டே இருந்தார்கள். ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு இழுப்பறையில் வைத்தார். கம்ப்யூட்டரை மட்டும் அணைக்கவில்லை. அவர் அழவும் இல்லை. மரத்துப்போய்விட்டார் மனுஷன்.

"அப்பா, கிளாஸுக்கு அம்மாவோட கம்ப்யூட்டர் வேணும்ப்பா" என்று மகள் கேட்டிருந்தாள்.

புதியதைச் செருகினார். அதற்கென்று திரையில் வந்தது... இரண்டாம் நம்பர். மகளின் ஆன்லைன் வகுப்பு ஒன்றாம் நம்பரில் இருக்கும் ஹெட்செட்டைத்தான் எடுக்கும்.

கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பதுதான் அத்தானுக்குத் தொழில். அதனால் பதறவில்லை. உள்ளே கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. செருகியதற்கெல்லாம் நம்பர் போடுவது அதுதான். பிடுங்கினால் நம்பர் காலி, அடுத்து வருவதற்குப் போய்விடும். பாதிப் பேச்சில் பிடுங்கினால் மட்டும் அப்படி இல்லை. பேச்சு கையை விடும்வரை அந்த நம்பர் வேறு யாருக்கும் கிடையாது. அக்காவின் பாதியில் நின்ற பேச்சு ஒன்றாம் நம்பரை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். பேயுமில்லை, பிசாசுமில்லை.

ஒரு தரம் அணைத்துப் போட்டால் விட்டுவிடும். அந்தப் பட்டனை அமுக்கத்தான் அவருக்குக் கை வரவில்லை. அவள் கடைசியாகப் பிடித்திருந்தது அந்த நம்பர் ஒன்றைத்தான்.

"எனக்காகப்பா" என்றாள் மகள்.

டக்... கம்ப்யூட்டரின் விசிறி நின்றது. ஒரு மாதத்துக்குப் பிறகு அந்த அறையில் சத்தமே இல்லை. சூடான தூசி வாசனை. கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டார்.

எழுந்ததும் கெர்னலுக்குப் பழையது எதுவும் நினைவிருக்காது. ஒயர் செருகும் ஒவ்வொரு வாயிலாகப் போய், யார் இருக்கிறீர்கள் என்று கேட்கும். பதில் வந்தால்தான் நம்பர். செருகியிருந்தது புது ஹெட்செட் ஒன்றுதான்.

திரை வெளுத்தது... இரண்டாம் நம்பர்.

அதற்கு முன்னால் ஏதோ பதில் சொல்லியிருக்கிறது.

அத்தானுக்குப் பயம் வரவில்லையாம். எதுவுமே வரவில்லையாம். மெல்ல இழுப்பறையைத் திறந்தார். ஒயர் சுருட்டியபடி, ரப்பர் பேண்ட் போட்டபடியே கிடந்தது. எதிலும் செருகவில்லை. எடுத்துப் பார்த்தார். திரும்ப வைத்து, சத்தம் வராமல் மூடினார்.

"அப்பாவோட மெஷின எடுத்துக்கம்மா" என்றார் மகளிடம். "அம்மா இன்னும் பேசி முடிக்கல."

அப்படி என்னதான் பார்த்தீர்கள் என்று என் கூட்டாளி பிறகு கேட்டிருக்கிறான். பார்க்கவில்லை, தொட்டேன் என்றாராம். காதில் வைக்கிற அந்தப் பஞ்சு... அப்போதுதான் கழற்றி வைத்ததுபோல வெதுவெதுப்பாக இருந்ததாம்.