மாவுப் போசி வைக்க ஒரு இடம்

அளங்க தம்பி, வேண்டாங்கல. ரேடியேட்டரை எப்படி வேணா அளங்க. மேல இருக்கற போசியை மட்டும் நகத்தாதீங்க. உள்ள மாவு இருக்குது. இப்பத்தான் மெல்ல எந்திரிக்குது, அசைச்சா அமுங்கிரும். டேப்பைப் பின்பக்கமா விட்டு இழுங்க. ஆங், அப்படித்தான்.

இட்லி மாவுதாங்க. ஏன் சிரிக்கறீங்க? உங்கூட்டுல எல்லாம் ஓவனுக்குள்ள லைட்டைப் போட்டுப் பூட்டி வெப்பீங்க, தெரியும். அமெரிக்காவுல இந்த ஹைலேண்ட் பார்க் ஊர்ல பாதித் தமிழ்க் குடும்பம் அப்படித்தான். எங்கூட்டுல குளிருக்கு ரூமைச் சூடாக்கற இந்த இரும்பு மேலதான் வெக்கறது. என்ற பையன் மகிழன் இந்த வீட்டை வாங்கறப்பவே இது இருந்துச்சு. மெல்லத்தான் சூடேறும், மெல்லத்தான் ஆறும். மாவுக்கு அதாங்க வேணும்.

நீங்க உக்காருங்க, நான் நிக்கறேன். எனக்கு உக்காந்தா ஆகாது. மில்லு கேட்டுல நின்னு நின்னு பழகின காலு. சிங்காநல்லூருங்க. கிட்டுசாமின்னா அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு பேருக்காச்சும் தெரியும். நூல் மில்லுல சங்கம். ஆமாமா, செவப்புதான். மூணு தடவை டிஸ்மிஸ், ரெண்டு தடவை உள்ள. அந்த மில்லே இப்ப இல்ல, கல்யாண மண்டபமாக் கிடக்குது. எதுக்குக் கத்தினோம், எதுக்கு அடி வாங்கினோம்னு கேக்கக்கூட ஆளில்ல. சரி விடுங்க. மணி என்னாச்சு தம்பி? மூணரையா. நேரம் இருக்குது.

மாத்தப் போற புது ரேடியேட்டர் படத்தைக் காட்டாதீங்க, அது எனக்கு மனப்பாடம். வெள்ளையா, தட்டையா, பலகையச் சுவத்துல அறைஞ்சாப்பல. மகிழன் லேப்டாப்புல பாத்துப் பாத்து அதைத்தான் எடுத்திருக்கான். போன்லயே சூட்டைக் கூட்டலாமாம், குறைக்கலாமாம். ஏண்டா, நீ ஆபீஸ்ல உக்காந்துட்டு சூட்டைக் குறைப்பே, இங்க உள்ள இருக்கறவன் நடுங்கறதா, மேனேஜ்மென்ட் புத்தி உனக்கு எங்கிருந்துடா வந்துச்சுன்னேன். மருமக தென்றல் சிரிச்சுட்டா. பேத்தி ஓவியா, தாத்தா இட்ஸ் ஜஸ்ட் எ ரேடியேட்டர்ங்கறா. அவளுக்கு எல்லாமே ஜஸ்ட்தான்.

நானும் படிச்சேன் தம்பி, உங்க கம்பெனி குடுத்த புஸ்தகத்தை. முழுசும். நான் காலேஜ் வாசலை மிதிக்காதவன்தான். எனக்கு இங்கிலீசு சொல்லிக் குடுத்தது லேபர் கோர்ட்டு ஆர்டரும் சங்கத்துத் துண்டுப் பிரசுரமும். ஒப்பந்தத்தை எப்பவும் கடைசிப் பக்கத்துல இருந்துதான் படிக்கோணும், அங்கதான் ஆப்பு வெப்பான். உங்க புஸ்தகத்துலயும் பாருங்க, கடைசிப் பக்கம், எறும்பு எழுத்துல. மேல எந்தப் பொருளையும் வைக்கக் கூடாது. போட்டிருக்குதா இல்லியா? அப்பவே மகிழன்கிட்டச் சொன்னேன், இதுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்னு. உங்களை யாருப்பா கையெழுத்துக் கேட்டாங்கறான். அதுவும் வாஸ்தவந்தான்.

மேல தனியா ஒரு பலகை அடிச்சுத் தர்றேங்கறீங்களா? யோசிக்காம இருப்பனுங்களா? பலகைக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல கை நுழையற சந்து விடோணும். சூடெல்லாம் சந்துலயே ஓடிப்போயிரும். போசியோட அடி சில்லுன்னு நிக்கும். அடி சில்லுன்னு இருந்தா பிரயோசனமில்லீங்க. மாவுக்குச் சொல்லல. மாவு எங்க வெச்சாலும் ஒரு நாளைக்குப் பொங்கும்.

போசியை அடுப்படிக்கு மாத்தலாந்தான். மாத்திப் பாத்தேன். சரிவரல. இந்த ஜன்னல், இந்த மூலை, இந்தப் போசி. இதுல ஒண்ணு மாறினாலும் சரிவரல.

பழசையே விட்டுறலாமேன்னு நீங்களே சொல்றீங்க பாருங்க, விக்க வந்த ஆளு! நல்ல மனுசன். ஆனா முடியாதுங்க. மகிழன் மேல தப்பில்ல. போன பனியில அவங்கம்மா, என்ற சம்சாரம் தனபாக்கியம், இந்த இரும்பு மேல உள்ளங்கைய வெச்சுட்டு அப்படியே நின்னிருக்கா. சுட்டா கையை எடுக்கோணும்னு அவளுக்குத் தோணல. நான் பக்கத்துலதான் இருந்தேன், இருந்தும் கவனிக்கல. தோலு வழண்டு வந்துருச்சு. டாக்டரம்மா என்னமோ பேரு சொன்னாங்க. மூளை கொஞ்சம் கொஞ்சமா விட்டுட்டு வருதாம். அன்னைக்கே மகிழன் முடிவு பண்ணிட்டான், இந்த வீட்டுல சுடற இரும்பே இருக்கக் கூடாதுன்னு. நியாயமான கோரிக்கை. அதை எதுத்து நான் என்னன்னு கோஷம் போடறது?

அதனாலதான் உங்களைக் கேக்கறேன் ஜெயபிரகாஷ் தம்பி, பையன் வர்றதுக்குள்ள. கை வெச்சா சுடக் கூடாது. வெதுவெதுன்னு இருக்கோணும். மேல போசி உக்காரோணும். அப்படி ஒரு ரேடியேட்டர் இந்த அமெரிக்காவுல இருக்குதா இல்லியா?

காட்டுங்க. இதுவா? பெட்டி மாதிரி இருக்குதே. ஓ, உள்ள ஓடற தண்ணிதான் சூடு, வெளியில மூடின தகடு சுடாது. ஆஸ்பத்திரி, குழந்தைங்க பள்ளிக்கூடத்துல எல்லாம் இதைத்தான் போடறாங்களா? அப்ப நல்லதாத்தான் இருக்கும். மேல் பக்கம் தட்டையா இருக்குதே! கம்பி போட்ட திறப்பு நடுவுல மட்டுந்தானா? அப்ப ஓரமா வெச்சா காத்து அடைபடாது. இருங்க, ஒரு சாண். போசியோட அடி ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மி. உக்காரும் தம்பி, உக்காரும்!

வெக்கலாம்னு கம்பெனி சொல்லாதுங்கறீங்க. கம்பெனியைக் கேக்கல, எந்தக் காலத்துல கம்பெனி சொல்லிருக்குது. மாட்டப் போற ஆளு நீங்க சொல்லுங்க. கனம் தாங்குமா? அடியில முட்டுக் குடுத்து மாட்டுவீங்களா? சரி. அப்ப ஒப்பந்தம். நாலு ரூமுக்கும் அவன் கேட்ட வெள்ளைப் பலகையே போடுங்க, போன்ல திருகி விளையாடட்டும். இந்த ஒரு மூலைக்கு மட்டும் இது. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அளவு இதுக்குத்தான் பொருந்துதுன்னு சொல்லுங்க. நான் கேட்டா வாக்குவாதம் ஆயிரும்.

அப்பாவும் மகனும் பேசித் தீத்துக்கலாமேங்கறீங்க. பேசலாம். ஆயிரம் பேரு முன்னால மைக் இல்லாமப் பேசினவன் நான். ஆனா இதை எப்படிப் பேசறது? மணி என்னங்க? நாலா!

கேளுங்க. தனபாக்கியம் இப்ப யாருகூடவும் பேசறதில்ல. மேல ரூம்ல ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்திருப்பா. மகிழன் கூப்பிட்டாலும் திரும்பமாட்டா, பேத்தி கூப்பிட்டாலும் இல்ல. ஆனா தினமும் நாலு மணி ஆச்சுன்னா, முதல் ஷிப்ட் விடற நேரம் பாருங்க, தானா எந்திரிச்சு வருவா. இந்தப் போசிக்கு அடியில தொட்டுப் பாப்பா. சூடு இருந்துச்சுன்னா நின்னு பேசுவா. சில்லுன்னு இருந்தாத் திரும்பிப் போயிருவா. நாலு மணிக்கு இந்த வீட்டுல நான் மட்டுந்தான் இருப்பேன். அதனால வேற யாருக்கும் இது தெரியாது.

என்ன பேசுவாளா? அவங்கூட்டுக்காரரைப் பத்தி. மீட்டிங் மீட்டிங்னு போன ஆளு இன்னும் வரல, மாவு பொங்கி வழியுது, குழந்தைக்குக் காய்ச்சல், அந்த மனுசனுக்கு ஊரு ஒலகமெல்லாம் தெரியும், வீடு எந்தத் தெருவுலன்னுதான் தெரியாதுன்னு. நாப்பது வருசம் வாயைத் தொறந்து ஒரு குறை சொன்னவ இல்ல தம்பி. இப்ப என்னைப் பத்தி என்கிட்டயே புகார் சொல்றா. நான் யாருன்னு அவளுக்குத் தெரியாது. அது ஆச்சு பல மாசம். யாரோ பக்கத்தூட்டுப் பெரியவருன்னு நெனச்சுக்கறா. நானும் குறுக்க பேசறதில்ல.

ஸ்ஸ்... படியில சத்தம். கேக்குதுங்களா? டேப்பைச் சுருட்டிருங்க. அந்தச் சுவத்தோரம் நில்லுங்க, பயப்பட மாட்டா. யாருன்னு கேட்டா மில்லுல இருந்து வந்திருக்கேன்னு சொல்லுங்க, போதும்.

வாங்க அம்மிணி. மெல்ல வாங்க. ஆமாங்க, பொங்கிட்டு இருக்குதுங்க. கையைப் போசியில வைங்க, இரும்பு சுடும். ஆங். அவருங்களா? இன்னும் வரலைங்களே. கேட் மீட்டிங் முடியலையாம், இந்தத் தம்பி இப்பத்தான் வந்து சொல்லுச்சு. வந்துருவாருங்க. இல்லீங்க, எனக்கு ஒரு வேலையும் இல்ல. நீங்க சொல்லுங்க. நான் இப்படி உக்காந்துக்கறேன்.