இருநூற்றுப் பதினான்காம் பக்கம்

அக்கா, புத்தகத்தில் படம் வைப்பதற்கு ஒரு சின்ன வழக்கம் உண்டு. படத்தில் இருப்பது ஆளோ பொருளோ, அது பக்கத்தின் உள்பக்கமாகப் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் பார்த்தால் படிக்கிறவரின் கண்ணும் வெளியே போய்விடுமாம். இதை யாரும் கவனிப்பதில்லை. யாரும் கவனிக்காதபடி செய்வதுதான் என் வேலை.

போன வாரம் போனில் என்னைத் திட்டினாய். "ஏன்டா, எனக்கு அனுமதி வந்துடுச்சு, வெள்ளிக்கிழமை வரப்போறேன். நீ என்னடான்னா எழவு வீட்டுல உக்காந்தவன் மாதிரி பேசுற?" வேலை அதிகம் என்றேன். அது பொய்யில்லை. ஆனாலும் நீ கிளம்புவதற்குள் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். பதறாமல் கேள்.

எங்கள் இடம் மாடியில் நான்கு மேசை, கீழே பொதி கட்டும் அறை, அவ்வளவுதான். பழைய போர்ப் பொருட்களைச் சேகரிப்பவர்களுக்குக் கையேடு போடுகிறோம். வாள், தலைக்கவசம், பதக்கம், பீரங்கிக் குண்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகுதி. எது அசல், எது போலி, எந்த முத்திரை எந்தப் பட்டறையுடையது என்று அதில் இருக்கும். சந்தையில் ஒரு துருப்பிடித்த இரும்பை வாங்கியவர் வீட்டுக்குப் போய் எங்கள் புத்தகத்தை விரித்து, படத்துக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்ப்பார். படம் என்ன சொல்கிறதோ அதுதான் அவருக்கு வேதவாக்கு.

இந்தப் புத்தகங்களை எழுதுகிறவர் ஓய்வுபெற்ற ராணுவக்காரர். எல்லோரும் அவரை மீசைக்காரர் என்போம். முதல் நாளே என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார். "தம்பி, படத்தைப் பெரிசாக்கு, சின்னதாக்கு, வெட்டு, என்ன வேணா பண்ணு. கண்ணாடியில தெரியிற மாதிரி இடவலமாத் திருப்பிடாத. திருப்பினா வலது கைக்காரன் இடது கையால வாள் உருவுவான். சேகரிக்கிறவன் நம்மள நாறடிச்சுடுவான்." நான் சிரித்தேன். புரிந்தது என்றும் சொன்னேன்.

பிழை திருத்துகிற அம்மாவுக்குச் சல்லடை என்று பெயர். அவரைத் தாண்டி ஒரு கால்புள்ளி போகாது. அச்சுக்குப் போகிற கடைசிப் படியில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுவார். போட்ட பிறகு அந்தப் பக்கத்தை யாரும் தொடக் கூடாது.

குண்டுகள் தொகுதி அச்சுக்குப் போன மத்தியானம், அச்சகத்து வண்டி கீழே வந்து ஒலி எழுப்பிக்கொண்டிருந்தது. முதலாளி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். இருநூற்றுப் பதினான்காம் பக்கம், இடப்பக்கம். இரண்டு குண்டுகள் ஒரே வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருந்தன. இரண்டின் மூக்கும் இடப்பக்கமாக, பக்கத்துக்கு வெளியே பார்த்தன.

"என்னடா இது, ரெண்டும் புறமுதுகு காட்டி ஓடுது? நல்லா இல்லையே. சட்டுனு ஏதாவது பண்ணு."

சல்லடை அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். ஒரு விசையை அழுத்தினேன். குண்டுகள் உள்பக்கம் பார்த்தன. "இப்ப பாரு, லட்சணமா இருக்கு" என்றார் முதலாளி. வண்டி போய்விட்டது.

படத்துக்குக் கீழே இப்படி ஒரு வரி இருந்தது: இடப்புறம் பயிற்சிக்கான வெற்றுக் கூடு, வலப்புறம் வெடிமருந்து நிரம்பியது. இரண்டுக்கும் வித்தியாசம் கழுத்து வளையம் இருக்கும் இடம் மட்டுமே. படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் என்று எழுதியிருந்தார்கள். படத்தைத் திருப்பினால் இடம் வலமாகும். வரி மாறாது. அன்று எனக்கு அது தோன்றவேயில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. வாசகர் கடிதங்களைப் பிரிப்பது என் பொறுப்பு. எழுதியவர் முடிதிருத்துபவர். கடையில் வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்ப்பதற்காகப் பழைய பொருட்களை அடுக்கி வைத்திருக்கிறாராம். புதிதாக ஒரு குண்டு வாங்கியிருந்தார். எங்கள் புத்தகத்தில் இடப்புறம் இருப்பதுபோலவே இருக்கிறது, ஆகவே வெற்றுக் கூடுதான், அதில் துளை போட்டு மேசை விளக்காக்கலாமா என்று கேட்டிருந்தார். "என் வீட்டம்மாவுக்குக் கொஞ்சம் பயம். நீங்கள் வேண்டாம் என்றால் தொட மாட்டோம். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறோம்."

பக்கத்தைப் புரட்டினேன். அப்போதுதான் பார்த்தேன், நான் திருப்பிய படத்தில் இடப்புறம் இருந்தது மருந்து நிரம்பிய குண்டு.

அந்தச் சமயத்தில் முதலாளியின் மேசையில் இரண்டு காகிதங்கள் கிடந்தன. ஒன்று நான் இந்த நாட்டில் தொடர்ந்து வேலை பார்ப்பதற்கு, இன்னொன்று நீ இங்கே வருவதற்கு. இரண்டிலும் அவர் கையெழுத்துப் போட வேண்டும். ஏதாவது பண்ணு என்றது அவர்தான்; ஆனாலும் திருப்பக் கூடாது என்று தெரிந்தே படத்தைத் திருப்பியவன் என்று தெரிந்தால் அவர் பேனாவையே எடுக்க மாட்டார். இதையெல்லாம் நான் ஒருமுறை அல்ல, நாள் முழுக்க யோசித்தேன்.

சல்லடை அம்மா கேட்டார். "என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"ஒண்ணுமில்லம்மா. அக்காவுக்கு உடம்பு சரியில்ல."

"அப்புறம் இங்க என்ன வேலை? போய்ப் பேசிட்டு வா. உன் மேசைய நான் பாத்துக்கறேன். கடிதம் எதுக்காச்சும் பதில் போடணுமா?"

அந்தக் கடிதம் என் கையில்தான் இருந்தது, அக்கா. "ஒண்ணுமில்லம்மா" என்றேன், இரண்டாவது தடவையாக.

பதில் போடாமலே இருந்திருக்கலாம் என்று நீ நினைப்பாய். பதில் வராவிட்டால் அவர் போன் செய்வார். போனை எடுப்பது முதலாளி. வாசகர்களுக்கென்று அச்சிட்ட அட்டை ஒன்று எங்களிடம் உண்டு. "தங்கள் ஐயத்துக்கு நூலில் உள்ளதையே எங்கள் பதிலாகக் கொள்ளவும்." எல்லோருக்கும் அதுதான் போகும். அதில் முகவரி எழுதி, அன்று சாயங்காலத் தபாலிலேயே சேர்த்தேன். என் கையால் முகவரியைத் தவிர ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை.

அட்டை போன பதினோராம் நாள் முதலாளி இரண்டு காகிதங்களிலும் கையெழுத்துப் போட்டார். "அக்கா வந்தா உன் மூஞ்சியில கொஞ்சம் களை வரும்டா" என்றார். நல்ல மனுஷன்.

இரண்டாவது கடிதம் ஒரு மாதம் கழித்து வந்தது. எழுத்துகள் சரிந்து, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. வலது கை இல்லாததால் இடது கையால் எழுதுகிறேன், மன்னிக்கவும் என்று ஆரம்பித்திருந்தார். துளை போடும்போது குண்டு உருளாமல் அவர் மனைவி பிடித்துக்கொண்டிருந்தாராம். மனைவியைப் பற்றி அதற்கு மேல் இல்லை. கடை எரிந்ததில் புத்தகமும் போய்விட்டது. எங்கள் மேல் அவருக்கு ஒரு குறையும் இல்லை. இத்தனை வருடமாக நம்பிய உங்கள் புத்தகங்கள் தவறாக இருக்காது, நான்தான் இடம் வலம் மாற்றிப் பார்த்திருக்கிறேன் போல. ஆனால் படம் இன்னும் கண்ணில் நிற்கிறது, இடப்புறம் இருந்ததுபோல்தான் ஞாபகம். எதில் தப்புச் செய்தேன் என்று தெரிந்தால் போதும் என்று எழுதியிருந்தார்.

போலீஸில் போய்ச் சொல்லலாம் என்று தெரு முனை வரைக்கும் போனேன். அங்கே நின்றபோது நீ போன் செய்தாய், பெட்டி வாங்கிவிட்டதாக. சிவப்பா நீலமா என்று கேட்டாய். நீலம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

குண்டுகள் தொகுதி நன்றாக விற்றதால் மறு அச்சுக்குப் போனது. இந்தத் தடவை யாரும் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கவில்லை. அந்தப் படத்தைப் பழையபடி திருப்பி வைத்தேன். மூக்குகள் வெளியே பார்த்தன, பார்க்கட்டும். முதல் அச்சில் பிழை என்று சொல்லும் திருத்தச் சீட்டு எதுவும் வைக்கவில்லை. வைத்தால் முன்பு வாங்கியவர்களெல்லாம் பதறிவிடுவார்கள்; இனிமேல் வாங்குகிறவர்களுக்கு அது தேவையில்லை. முன்பு வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

அச்சான முதல் பிரதியை அந்த முடிதிருத்துபவருக்கு அனுப்பினேன். அட்டை வைக்கவில்லை, நானே கைப்பட எழுதினேன். "ஐயா, எரிந்துபோன நூலுக்குப் பதிலாக இதைப் பெற்றுக்கொள்ளுங்கள். இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தைப் பொறுமையாகப் பாருங்கள். தங்களுக்கே விளங்கும்."

நேற்று பதில் வந்தது. பார்த்தேன், விளங்கிவிட்டது, தப்பு என்னுடையதுதான், அவள் பயந்தது சரி, நான்தான் கேட்கவில்லை என்று எழுதியிருந்தார். எனக்கு நன்றியும் சொல்லியிருந்தார். எழுத்து கொஞ்சம் நேராகியிருந்தது.

அந்த மனுஷன் ராத்திரி தூங்க வேண்டாமா, அக்கா? என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் எத்தனை நாள் தவிப்பார்? நான் அவரை ஏமாற்றவில்லை. அந்தப் பக்கத்தில் இப்போது இருப்பது முழுக்க முழுக்க உண்மை.