ஒன்றுக்கு இரண்டாய்ப் போன செய்தி

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பஸ்ஸில், கோட்டைக்குப்பத்து இறால் வியாபாரி அம்மாள் பக்கத்து இருக்கை நண்டு வியாபாரி பாயிடம் சொன்னாள்: "போன் செத்தா இறாலும் நாறிடும் பாய்."

"இன்னாம்மா ஆச்சு?"

"போன மாசம் புயல்ல லைன் அறுந்துபோச்சு. ஐஸ் லாரி அனுப்புங்கன்னு கம்பெனிக்குச் சொல்ல முடியல. அத்தனை இறாலையும் குழி தோண்டிப் புதைச்சேன். அழுகையே வந்துடுச்சு."

"அப்புறம்?"

"இப்பல்லாம் போனும் பண்ணுவேன், கண்டக்டர் கையில சீட்டு எழுதியும் குடுத்தனுப்புவேன். ஒண்ணு போய்ச் சேரலன்னாலும் இன்னொண்ணு சேரும்."

"நல்ல ரோசனை. இப்போ எங்க கெளம்பிட்டே?"

"கம்பெனிக்குத்தான். நேத்து ரெண்டுமே சேர்ந்துடுச்சு. ரெண்டு லாரி வந்து நின்னுது. திட்டு வாங்கப் போறேன்."

பாய் கொஞ்சம் யோசித்தார்.

"இனிமே சீட்டுல, ‘போன்லயும் சொல்லியிருக்கேன்’னு ஒரு வரி எழுதிடும்மா."