பச்சை வார் செருப்பு

ஆங், அதேதான் பாப்பா. மேல் தட்டுல, ஓரமா, பச்ச வாரு வெச்சது. போட்டோ எடுத்துக்கோ, கையில மட்டும் தொடாத. போன மாசம் ஒரு அம்மா அத எடுத்துக் கண்ணுல ஒத்திக்கினு அழுவுது. எனக்கு ஒடம்பே கூசிப்போச்சு. செருப்பப் போயி யாராச்சும் கண்ணுல ஒத்துவாங்களா?

எல்லாம் அந்த நாவல் பண்ண வேல. நீயும் அதத்தான் ஆராய்ச்சி பண்றியா? கதையில செருப்போட அர்த்தம் எப்பிடி எப்பிடி மாறுதுன்னா? அட முருகா, இதுக்கெல்லாம் படிப்பு இருக்குதா! நானும் முழுசா படிச்சேம்மா. எட்டாவது வரிக்கும் போனவதான். வளவன் சாரே கொண்டாந்து கையில குடுத்தாரு. ரெண்டு வருசம் இதே ஸ்டூல்ல ஒக்காந்து, டீ வாங்கிக் குடுத்து என்னப் பேச வெச்சாரு. தங்கமான மனுசன். பிரபாவதிம்மா சொன்னா சரியாதான் இருக்கும்னு, நான் சொன்னத அப்பிடியே எழுதினாரு.

மொதல்ல அது சும்மா செருப்புதான், இல்ல? கோயிலுக்குப் போற பொண்ணு, அடிவாரத்துல அம்மா நடத்துற, செருப்பு பாத்துக்கிற கடையாண்ட கழட்டிப் போட்டுட்டு படியேறுறா. பொழுது சாயுது, எறங்கல. அம்மாக்காரி பதறல. ஏன்னா இங்க அது சகஜம்மா. படியில ஏறிப் போவாங்க, மேல பஸ்ஸப் பாத்ததும் கால் வலிக்குதுன்னு அதுல ஏறி டவுன்ல எறங்கிடுவாங்க. அப்புறம்தான் செருப்பு ஞாபகமே வரும். ஆட்டோ புடிச்சு, டோக்கன நீட்டிக்கினு வருவாங்க பாரு, சிரிப்பா இருக்கும்.

நடுவுல அது மானக்கேடா மாறிடுது. பொண்ணு பள்ளிப்பட்டு பையனோட போயிட்டான்னு தெரிஞ்சதும் அவ நைனா அத ரோட்டுல தூக்கி அடிக்கிறாரு. அம்மா ஓடிப்போயி எடுத்தாந்து வெக்கிறா. கடைசில? ஆங், கரெக்டா சொன்ன. தாய்ப்பாசம். தெனம் தொடச்சு வெச்சுக்கினு ஒக்காந்திருக்கா, மக என்னைக்காச்சும் டோக்கனோட வருவான்னு. அந்தக் கடைசிப் பக்கத்தப் படிச்சிட்டு மூணு நாளு நான் சோறு துன்னலம்மா. என்னப் போயி சாமி ஆக்கிட்டாரே, பாவி மனுசன்.

இரு, ஆளு வந்துட்டாங்க. இன்னா சார், டோக்கன் காணமா? பரவால்ல, உங்குளுது எதுன்னு காட்டுங்க. அந்தக் கறுப்பா? எடுத்துக்கினு போங்க, போங்க.

இல்ல பாப்பா, கேக்க மாட்டேன். ஒம்போது வருசமா நான் யாராண்டயும் டோக்கன் கேக்கறதில்ல. போட்டவங்குளுக்குத் தெரியாதா எது தன்னுதுன்னு? ரெண்டு ஜோடி திருட்டுக்கூட போச்சு. போனா போவுது.

ராத்திரில தூக்கம் வருதான்னு கேக்கறியா? ராத்திரி பரவால்லம்மா. பகல்தான் ஆவல. இந்தப் படியில எறங்கறவங்க எல்லாருமே வெறுங்காலுதான? கல்லுல தப்பு தப்புன்னு காலு வெக்கிற சத்தம் நாளெல்லாம் முதுகுக்குப் பின்னால கேட்டுக்கினே இருக்குது. நான் திரும்பறதில்ல.

இன்னாது, எம்பொண்ணு துர்காவோட டோக்கன் நெசமாவே எழுபத்தேழா? ஐயோ, அது சார் போட்ட நம்பரு. பெத்த பொண்ணுக்கு யாராச்சும் டோக்கன் குடுப்பாங்களா?

அவ எறங்கி வந்தாம்மா. பஸ்ல எல்லாம் போவல. இதே படியில நேரா என்னாண்டதான் வந்தா. கழுத்துல மஞ்சக் கயிறு. பின்னால அந்தப் பள்ளிப்பட்டு பையன் டில்லிபாபு. சித்திர மாசம், உச்சி வெயிலு, தாரு ரோடு உருகிக் கெடக்குது. செருப்ப மட்டும் குடும்மான்னா.

நான் இந்தப் பலகைமேல கைய ஊனிக்கினு, டோக்கன் எங்கடின்னேன்.

என் மூஞ்சியவே பாத்தா. அப்புறம் ரோட்டுல எறங்கி, சூடு தாங்காம காலத் தூக்கித் தூக்கி வெச்சுக்கினு போனா. வளவன் சாராண்ட இத மட்டும் நான் சொல்லல.