வல்லை வெளியில் நின்ற தும்பி

கிட்ட வந்து இருங்கள். இது என் சிநேகிதன் வாகீசனுடைய மாமாவுக்கு நடந்தது.

பொழுது பட்டு, மழை விட்ட நேரம். வல்லை வெளி... இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் தனித் தெரு. மாமா அருட்பிரகாசம் கரவெட்டிக்குத் தனியாகக் கார் ஓட்டி வந்தார். அவரே செய்த கார் அது.

தும்பி என்று பெயர். இலங்கையிலேயே செய்த சின்ன மின்சாரக் கார். அச்சுவேலிப் பக்கம் கொட்டில் போட்டு, ஊர்ப் பெடியன்களை வைத்துச் செய்தார். முதல் கார் தெருவில் இறங்கியபோது சனம் தேங்காய் உடைத்தது. கொழும்பிலிருந்தும் கேட்டு வந்தார்கள். பிறகு நாட்டில் டொலர் இல்லாமல் போனது. பற்றரி வருவது நின்றது. பாதி செய்த கார்கள் கொட்டிலிலேயே கிடந்தன. பெடியன்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசிவரை நின்றவன் பார்த்தீபன். அவனையும் வெளிநாட்டுக்குப் போகச் சொன்னது இவர்தான். போனவனிடமிருந்து மாதக்கணக்காக ஒரு கதையும் இல்லை.

நடு வெளியில் பற்றரி இறங்கிக் கார் நின்றது. தவளைகூடக் கத்தவில்லை... மெல்லக் கார் நகர்ந்தது. பின்னால் யாரோ தள்ளும் மூச்சிரைப்பு. நம் ஊரில் இல்லாத ஏதோ மரத்தின் ஈர வாசம்.

“இறங்காதேங்கோ அண்ணை. ஸ்டியரிங்கைப் பிடியுங்கோ.”

பார்த்தீபனுடைய குரல். எப்போது வந்தாய் என்று கேட்க வாயெடுத்தார். அவன் முந்திக்கொண்டான்.

“கொம்பனியைத் திரும்பத் திறந்திட்டியளோ?”

இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. “ஓம்” என்றார்.

“அப்ப நாளைக்கு வேலைக்கு வாறன்.”

வெளி முடிந்து, கடை வெளிச்சம் தெரிந்த இடத்தில் கார் நின்றது. இறங்கிப் பார்த்தார். ஒருவரும் இல்லை.

மாமாவின் வீட்டு வாசலில் பார்த்தீபனின் தாய் நாகேஸ்வரி நிலத்தில் இருந்து அழுதுகொண்டிருந்தார். எல்லை கடக்கக் காட்டுக்குள் போன மகன் பனியில் விறைத்துச் செத்துவிட்டானாம். அன்று பின்னேரம்தான் போன் வந்ததாம். உடலைக் கண்டெடுத்து ஒரு கிழமையாம்.

‘நாளைக்கு வேலைக்கு வாறன்’ என்ற குரல் இரவு முழுக்க அவர் காதில் நின்றது.

விடிய எழும்பிக் கொட்டிலுக்கு ஓடினார். போட்ட பூட்டு போட்டபடியே இருந்தது. உள்ளே, வெறுங்கூடாகக் கிடந்த ஒரு காருக்குப் புதிதாகக் கதவு பொருத்தியிருந்தது.  ஆளில்லாத கொட்டிலைப் பார்த்து அவர் சொன்னார்.

“தம்பி, நான் பொய் சொன்னனான். எல்லாம் மூடியாச்சு. நீ போ ராசா.”

அடுத்த நாள் போனார். இரண்டாவது காருக்கும் கதவு இருந்தது. திறக்கக் கைபிடியைத் தொட்டார்...

சித்திரை வெயிலில், விரல் தோல் பனிக்கட்டியாய்க் குளிர்ந்திருந்த அந்த இரும்பில் ஒட்டிக்கொண்டு உரிந்தது.